மலைப்பாதை இரும்புப் பாலத்துக்கு மறு பெயின்ட்: 45 நாள் முழுசா மூடணுமா?

மலைப்பாதைப் பயணி

சேர்வராயன் மலையில் ஒரு கிளைச்சாலை, ஓடை மேல் பழைய இரும்புப் பாலம். நடுவுல தூண் இல்லாத ஒரே கண், நீளம் 24 மீட்டர். ரெண்டு பக்கமும் 1.8 மீட்டர் உயர பிளேட் கர்டர் (தகடுகளைச் சேர்த்துச் செஞ்ச பெரிய உத்தரம்), நடுவுல 3.8 மீட்டர் அகலச் சாலை. எல்லாம் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கிற தலையுள்ள இரும்பு ஆணி) அடிச்ச வேலை. கர்டர் முனைகள்ல துரு செதில் செதிலா உரியுது. பழைய பெயின்ட் பெயர்ந்த இடத்துல அடியில் பளிச்சுனு ஆரஞ்சு நிறம் தெரியுது.

ஏப்ரல் நடுவுல தொடங்கி 45 நாள் எந்த வண்டியும் போகாதுன்னு பேச்சு அடிபடுது. சுற்றுவழி 14 கிலோமீட்டர் கூடுதல். பேருந்து, பள்ளி வேன், பால் வண்டி, 108 எல்லாம் இந்த வழிதான். ராத்திரியில மட்டும் மூடி வேலை செய்ய முடியாதா? பெயின்ட் அடிக்க 45 நாள் எதுக்கு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. மனு எழுதணும், கணக்கோட எழுதணும்.

மைக்ரான்

முதல்ல ராத்திரி விஷயம். மலையில் ராத்திரி பெயின்ட் அடிக்கவே கூடாதுங்க. வெளிச்சம் போட்டுக்கலாம், பனியை ஒண்ணும் செய்ய முடியாது.

இரும்போட வெப்பம், காற்றோட பனிநிலையை (காற்றுல இருக்கிற ஈரம் பனியா படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைஞ்சது 3 டிகிரி மேலே இருக்கணும். ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்கணும். உதாரணத்துக்கு, காலை 8 மணிக்குக் காற்று 18 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம்னா பனிநிலை 14.5. அப்போ இரும்பு 17.5 ஆவது இருக்கணும். நிழல்ல கிடக்கிற கர்டர் அந்நேரம் 16 தான் காட்டும். கையால தடவினா காய்ஞ்ச மாதிரி இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் உட்கார்ந்திருக்கும். அதுமேல எப்பாக்சி (ஹார்டனர் கலந்து இறுகுற பெயின்ட்) பிரைமர், அதாவது முதல் கோட், போட்டா ஒட்டாது. 11 மணிக்கு 23 டிகிரி, ஈரப்பதம் 60 ஆச்சுன்னா பனிநிலை 14.8, இரும்பு 22. இப்ப தாராளமா அடிக்கலாம்.

சேலம் டவுன்ல இது அப்படியே தலைகீழ். ஏப்ரல் வெயில்ல மதியம் இரும்பு 50 டிகிரிக்கு மேல போயிடும். தின்னர் சட்டுனு ஆவியாகி பெயின்ட்ல குண்டூசி ஓட்டை விழும். அதனால கீழே காலை 7 முதல் 11 வரை, மலை மேலே 10 முதல் 4 வரை. கீழே வேலை பார்த்துப் பழகின ஆட்கள் மேலேயும் விடிகாலையில ஆரம்பிச்சிடுவாங்க. மலைப் பாலங்கள்ல பெயின்ட் சீக்கிரம் உரியறதுக்கு இது ஒரு பெரிய காரணம்.

சாரமும் சுத்தியும்

நாள் எங்கே போகுதுன்னா, பெயின்ட்ல போகல. துரு எடுக்கிறதுல போகுது. பரப்பளவு போட்டுப் பார்ப்போம்.

ஒரு கர்டருக்கு நடுத்தகடு ரெண்டு முகமும் சேர்ந்து 86 சதுர மீட்டர். மேல்பட்டை, அடிப்பட்டை 400 மி.மீ. அகலம்னு வெச்சா 38. ஆக 125, ரெண்டு கர்டருக்கு 250. நிமிர்ந்து நிற்கிற ஸ்டிஃப்னர் ஆங்கிள்களுக்கு 40. சாலைக்கு அடியில இருக்கிற குறுக்கு உத்தரம், நீள உத்தரம், பிரேசிங் எல்லாம் சேர்ந்து 200க்குக் கொஞ்சம் மேலே. மொத்தம் 500 சதுர மீட்டர்னு வெச்சுக்கலாம்.

கம்பி பிரஷ், சிப்பிங் சுத்தி, கிரைண்டர் கப் பிரஷ் இதையெல்லாம் வெச்சு எஸ்.டி. 3 (கைக்கருவி, இயந்திரத்தால ரொம்ப நல்லா சுத்தம் பண்ணின) தரத்துக்குக் கொண்டுவர ஒரு ஆள் மணிக்கு 1 முதல் 1.5 சதுர மீட்டர் முடிப்பார். காப்பர் ஸ்லாக் பிளாஸ்டிங்னா (தாமிரக் கசடுத் துகளைக் காற்றழுத்தத்துல வீசித் துரு எடுக்கிறது) ஒரு நாசில் (துகள் பாயுற குழாய் முனை), ஆங்கிளும் ரிவெட்டும் நிறைஞ்ச இடத்துல, மணிக்கு 5 சதுர மீட்டர். எஸ்.ஏ. 2½ தரம், அதாவது கிட்டத்தட்ட வெறும் இரும்பு, கிடைக்கும். மைக்ரான் சொன்ன பனிக் கணக்கு பிளாஸ்டிங்குக்கும் பொருந்தும். ஈர இரும்பை அடிச்சா அரை மணியில மஞ்சள் பூத்திடும். ஆக ஒரு நாளைக்கு நிஜமா கிடைக்கிறது 9:30 முதல் 2 வரை நாலரை மணி நேரம், அதாவது 22 சதுர மீட்டர். 2:30க்கு ஊதிச் சுத்தம் பண்ணி 4:30க்குள்ள பிரைமர் போட்டே ஆகணும். அடிச்ச இரும்பை ராத்திரி வெறுமனே விட்டா மறுநாள் திரும்ப அடிக்கணும்.

ஒரே நாசில்ல 500 சதுர மீட்டர்னா 23 நாள். மழை நாள், ரிவெட் வேலை, மேல் கோட் எல்லாம் சேர்த்தா 45 தப்பான எண் இல்லை. ஆனா எல்லா நாளும் எல்லா வண்டியையும் நிறுத்தணும்னு அவசியம் இல்லை.

செந்தூரம்

ஆரஞ்சு நிறம்னு எழுதியிருக்கீங்களே, அதைத் தாண்டி யாரும் போகக்கூடாது. ரெட் ஆக்சைடு செங்கல் பழுப்பா இருக்கும். பளிச்சுனு ஆரஞ்சா இருந்தா அது ஈயச் செந்தூரம் சேர்த்த பிரைமரா இருக்க நிறைய வாய்ப்பு. பழைய இரும்புப் பாலங்கள்ல அதுதான் வழக்கமான முதல் கோட், ஐ.எஸ். 102 அதுக்கான தர அளவு. வீட்டு பெயின்ட்ல ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்துல 90 பங்கு) மேல கூடாதுங்கிற விதி 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்தது. பாலத்துல இருக்கிறது அதுக்குப் பல பத்தாண்டு முந்தியது.

வேலை ஒப்படைக்கும் முன்னாடியே நாலஞ்சு இடத்துல இரும்பு வரைக்கும் சுரண்டி, செதிலைத் தனித்தனிப் பையில போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பணும். ஈயம் இருக்குன்னு வந்தா டெண்டரே வேற மாதிரி எழுதணும். உலர் சுரண்டல், வெறும் கிரைண்டர் ரெண்டும் கூடாது. தண்ணி தெளிச்சு ஈரமா சுரண்டணும், இல்லைன்னா தூசி உறிஞ்சியோட இணைச்ச கிரைண்டர் வேணும். துணி மாஸ்க் எதுக்கும் உதவாது, கார்ட்ரிட்ஜ் மாஸ்க் கட்டாயம். சாரத்து மேல பீடி, டீ, சாப்பாடு எதுவும் வேண்டாம். வேலை உடுப்பை அங்கேயே கழட்டி, கை முகம் கழுவிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும். ஈயம் அப்பா சட்டையில ஏறிக் குழந்தைக்குப் போகுது.

கீழே ஓடை இருக்கு. ஆடு மாடு குடிக்கிற தண்ணி. தார்ப்பாய் ஒரு பக்கம் தொங்கவிட்டா போதாது, அடியிலும் விரிச்சு ஓரத்தை மடக்கிக் கட்டணும். சேர்ந்த கழிவு அபாயக் கழிவு விதிகள் 2016ன் கீழ் வரும். மூடின டிரம்ல, கணக்கோட, கும்மிடிப்பூண்டி மாதிரி அங்கீகாரம் பெற்ற கிடங்குக்குத்தான் போகணும். கொண்டை ஊசி வளைவுல பள்ளத்துல கொட்டிட்டு வர்றதுக்கு யாரும் பழகிடக்கூடாது.

சாரமும் சுத்தியும்

அக்கா சொல்றது முழுக்கச் சரி. அதோட ஒண்ணு சேர்க்கிறேன். தொங்கு சாரத்து மேல விழுற ஸ்லாக்கை அன்னன்னைக்கு அள்ளணும். ஒரு சதுர மீட்டர்ல 10 செ.மீ. உயரம் குவிஞ்சா 180 கிலோ. தார்ப்பாய் மறைப்புக்குள்ள தூசியில அது எவ்வளவு ஏறியிருக்குன்னு கண்ணுக்குத் தெரியாது. சாரம் இறங்குறது பெரும்பாலும் ஆள் எடையால இல்லை, இந்தக் குவியலால. ரெண்டு மணிக்கு ஒரு தடவை நாசிலை நிறுத்தி, வாளியில அள்ளி மேலே ஏத்திடணும்.

குப்பனூர் வழி

மூடுறதைப் பத்திப் பேசுவோம். சாலை அகலம் 3.8 மீட்டர். ஒரு கர்டரை மட்டும் தார்ப்பாய்ச் சட்டம் போட்டு மறைச்சா சாலைப் பக்கம் 1 மீட்டர் போகும், மீதி 2.8 மீட்டர். பேருந்து அகலம் 2.5 மீட்டருக்கு மேல, கண்ணாடி நீட்டிட்டு இருக்கும். அதனால பேருந்தும் லாரியும் முடியாது. ஆனா ஜீப், கார், பைக், 108 போகும். ரெண்டு கர்டரையும் ஒரே நேரத்துல மறைச்சா மீதி 1.8 மீட்டர்தான், பைக் மட்டும். ஒப்பந்தக்காரர் சீக்கிரம் முடிக்க ரெண்டையும் ஒண்ணா மறைக்கத்தான் பார்ப்பார். மனுவுல கேட்க வேண்டிய முதல் விஷயம்: ஒரு நேரத்துல ஒரு கர்டர் மட்டும்.

பிளாஸ்டிங் நடக்கிற நாலரை மணி நேரம் யாரும் பக்கத்துல போகக்கூடாது, 108 தவிர. அது வந்தா ரெண்டு முனையிலும் நிற்கிற கொடிக்காரர் விசில் அடிக்கணும், நாசில் வால்வை மூடணும், ரெண்டு நிமிஷத்துல வழி விடலாம். ரெண்டு கொடிக்காரருக்கும் வாக்கி டாக்கி வேணும். மலையில போன் சிக்னலை நம்பக் கூடாது.

பேருந்துக்கு, பாலத்தோட ரெண்டு பக்கமும் திருப்பிக்கொள்ள இடம் ஒதுக்கி, அந்தப் பக்கம் ஒரு மினி பஸ் நிறுத்தலாம். ஆட்கள் ஓரமா மறைப்புக்கு வெளியே நடந்து போய் மாறிக்கலாம். 14 கிலோமீட்டர் சுத்துறதை விட இது மேல். லாரி மட்டும் சுற்றுவழி. எச்சரிக்கைப் பலகையைப் பாலத்துக்கிட்ட வெச்சுப் பயனில்லை. மலை ஏறும் முன்னாலேயே கோரிமேடு, அடிவாரம், அந்தப் பக்கம் குப்பனூர்ல இருக்கணும். லாரி மேலே வந்து திரும்ப முடியாம நின்னா அந்தச் சாலையே அடைபடும். பலகை, தடுப்பு, இரவு விளக்கு எப்படின்னு இந்தியச் சாலைப் பேராயத்தோட (ஐ.ஆர்.சி.) வழிகாட்டி எஸ்.பி. 55ல இருக்கு. வாகனத் தடைக்கு மோட்டார் வாகனச் சட்டம் 115ஆம் பிரிவில முறையான உத்தரவு வேணும். வெறும் பேனரை வெச்சு மூடக்கூடாது.

ரிவெட் தட்டி

நீங்க சொன்ன "ஒரு பக்கம் திறந்து வைக்கலாம்" என்பதை ரிவெட் வேலை நாட்களுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். குறுக்கு உத்தரம் கர்டரில் சேரும் இடத்தில் ரிவெட் மாற்றும்போது பாலத்தின் மேல் சுமையே இருக்கக் கூடாது. அந்த நாட்கள் முழு மூடல்தான். கார்கூட வேண்டாம்.

தளர்ந்த ரிவெட்டைக் கண்டுபிடிக்க வழி எளிது. தலையின் ஒரு ஓரத்தில் விரல் வைத்து, எதிர் ஓரத்தைச் சிறு சுத்தியால் தட்ட வேண்டும். விரலில் அதிர்வு தெரிந்தால் தளர்ந்தது. தலையைச் சுற்றித் துரு நீர் வழிந்த கறை இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும். மாற்றுவதற்கு உயர் வலிமை போல்ட் போதும், மலையில் சூடு ரிவெட் அடிக்கும் ஆட்களைத் தேட வேண்டாம். ஒரு இணைப்பில் ஒரே நேரத்தில் ஒன்று அல்லது இரண்டு மட்டும் கழற்ற வேண்டும். பழைய இரும்பில் வெல்டிங் வைக்கக் கூடாது. கந்தகமும் பாஸ்பரசும் அதிகம் உள்ள பழைய இரும்பு வெல்டிங் ஓரத்தில் விரிசல் விடும்.

இந்தச் சோதனையை மூடுவதற்கு முன்னாலேயே, வண்டிகள் ஓடும்போதே முடித்துவிடலாம். கர்டர் முனை, அடிப்பட்டை, குறுக்கு உத்தரத்தின் முனை இவற்றில் அல்ட்ராசோனிக் மீட்டரால் தகட்டுத் தடிமனும் அளக்க வேண்டும். பிளாஸ்டிங் செய்த பிறகுதான் ஓட்டைகள் முழுதாகத் தெரியும். அதனால் ஒன்று முதல் ஒன்றரை டன் தகடும் ஆங்கிளும் முன்கூட்டியே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். தகடு வரும்வரை பாலம் சும்மா மூடிக் கிடப்பதுதான் 45 நாளை 90 ஆக்கும்.

மலைப்பாதைப் பயணி

ரிவெட் நாட்கள் எத்தனை ஆகும்னு வெச்சுக்கலாம்? அப்புறம் தகடுகளுக்கு நடுவுல துரு பிதுங்கி, பட்டை அலை அலையா வளைஞ்சு நிற்குது. அதுக்கு என்ன செய்யறது?

ரிவெட் தட்டி

20, 30 ரிவெட் அளவில் இருந்தால் 3 நாள். அதற்கு மேல் என்றால் இது பெயின்ட் வேலையே அல்ல, சீரமைப்பு வேலை. வேறு மதிப்பீடு போட வேண்டும்.

பிதுங்கிய துருவை முழுதாக எடுக்க முடியாது. இரும்பு துருவானால் பல மடங்கு பருக்கும், அதுதான் தகட்டை வளைக்கிறது. தளர்ந்த பகுதியைச் சுரண்டி, காற்றால் ஊதி, நன்றாகக் காயவைத்து, மெல்லிய எப்பாக்சி சீலரை இடுக்கில் உறிஞ்சவிட வேண்டும். பிறகு மேல் ஓரமும் பக்க ஓரமும் சீலன்ட் வைத்து அடைக்க வேண்டும். கீழ் ஓரத்தை அடைக்கவே கூடாது. உள்ளே போகும் நீர் வெளியேற வழி வேண்டும். நாலு பக்கமும் அடைத்தால் உள்ளேயே நின்று அரிக்கும்.

மைக்ரான்

இப்ப பெயின்ட். எல்லா இடத்துக்கும் ஒரே முறை வேண்டாம். ரெண்டு கர்டரும், அதாவது 300 சதுர மீட்டர், பிளாஸ்டிங் பண்ணலாம். அடிப்பகுதி 200 சதுர மீட்டரை எஸ்.டி. 3 வரை இயந்திரச் சுத்தம் பண்ணி, துரு கொஞ்சம் மீந்தாலும் தாங்குற எப்பாக்சி மாஸ்டிக் அடிக்கலாம். அதுக்குச் சாலையை மூடவே வேண்டாம், மேலே வண்டி மெதுவா போகட்டும். அதிர்வு ஈர பெயின்ட்டைக் கெடுக்காது. 4 ஆள், நாளைக்கு 5 மணி நேரம்னா 8, 9 நாள் வேலை.

துத்தநாகம் நிறைஞ்ச பிரைமரை எஸ்.டி. 3 பரப்புல யாராவது சிபாரிசு பண்ணினா வேண்டாம்னு சொல்லுங்க. அது பிளாஸ்டிங் பண்ணின வெறும் இரும்பைத் தொட்டாத்தான் வேலை செய்யும்.

கர்டருக்கு: எப்பாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் 60 மைக்ரான் (ஒரு மைக்ரான்னா மி.மீ.ல ஆயிரத்துல ஒரு பங்கு), எப்பாக்சி எம்.ஐ.ஓ. (செதில் இரும்பு ஆக்சைடு சேர்த்த நடுக் கோட்) 100 மைக்ரான், மேலே பாலியூரித்தேன் 50 மைக்ரான். எப்பாக்சியை வெயில்ல அப்படியே விட்டா பொடி பூத்துடும், அதனாலதான் மேலே பாலியூரித்தேன்.

லிட்டர் கணக்கு: திடப்பொருள் சதவீதத்தைப் பத்தால் பெருக்கி மைக்ரானால் வகுத்தா, ஒரு லிட்டர் எத்தனை சதுர மீட்டர் வரும்னு தெரியும். பிரைமர் 50 சதவீதம்னா 500 / 60 = 8.3. 300 சதுர மீட்டருக்கு 36 லிட்டர், வாங்குறதுல 30 சதவீதம் விரயமாகும்னு வெச்சா (36 / 0.7) 52. எம்.ஐ.ஓ. 65 சதவீதம்னா 66 லிட்டர். பாலியூரித்தேன் 50 சதவீதம்னா 43 லிட்டர். இதைவிட ரொம்பக் குறைவா டப்பா வந்து இறங்கினா கோட் மெலிசா வரப்போகுதுன்னு அர்த்தம். காலி டப்பாக்களை எண்ணிப் பார்க்கிறது ஊர்க்காரங்க செய்யக்கூடிய எளிய சோதனை.

தின்னர்ல ஏமாறாதீங்க. 10 சதவீதம் தின்னர் ஊத்தினா 50 சதவீதத் திடம் 45 ஆயிடும். 60 மைக்ரான் காய்ஞ்ச படலம் வேணும்னா ஈரத்துல 120க்குப் பதிலா 132 அடிக்கணும். ஈரப் படலத்தைச் சீப்பு அளவியால உடனே பார்க்கணும், காய்ஞ்சதும் மீட்டர். ஒவ்வொரு 10 சதுர மீட்டருக்கும் 5 இடம், இடத்துக்கு 3 அளவு.

முழுப் பரப்புக்கு முன்னாடி ஓரம், ரிவெட் தலை, போல்ட், ஆங்கிள் மூலை எல்லாத்துக்கும் பிரஷ்ஷால ஒரு தனிக் கோட் போடணும். ஸ்ட்ரைப் கோட்னு சொல்வாங்க. கூர் ஓரத்துல பெயின்ட் தானா விலகி மெலிஞ்சிடும், துரு அங்கேதான் தொடங்கும். ஒவ்வொரு கோட்டும் வேற நிறமா இருந்தா விட்டுப்போன இடம் தூரத்துலேயே தெரியும்.

சாரமும் சுத்தியும்

கலக்கறதுல ஒண்ணு. ரெண்டு டப்பா எப்பாக்சியைப் பாதிப் பாதியா கண்ணளவுல கலக்கக்கூடாது. முழு டப்பா பேஸ் (பெயின்ட் பகுதி), முழு டப்பா ஹார்டனர் (இறுக வைக்கிற பகுதி). விகிதம் தப்பினா எத்தனை நாள் ஆனாலும் நகம் பதியும், அப்புறம் சுரண்டித்தான் எடுக்கணும். கலந்து 15, 20 நிமிஷம் விட்டுத்தான் அடிக்கணும். கெட்டியாக ஆரம்பிச்சதைத் தின்னர் விட்டு இளக்கக்கூடாது, தூக்கிப் போட்டுடணும்.

மலைக்கு இன்னொண்ணு: ஹார்டனர் குளிர்ல மெதுவா வேலை செய்யும். 10 டிகிரி குறைஞ்சா ஏறக்குறைய ரெட்டிப்பு நேரம். கீழே 8 மணியில அடுத்த கோட் போடுறதை மேலே மறுநாள்தான் போடணும். சாயந்திரம் பனி விழுந்து பிரைமர் மேல வெள்ளையா பிசுபிசுன்னு படிஞ்சிருந்தா நல்ல தண்ணியில கழுவி, காயவிட்டு அப்புறம் அடுத்த கோட்.

கம்ப்ரசரும் மேலே திணறும். 1,300 மீட்டர் உயரத்துல காற்றழுத்தம் சுமார் 14 சதவீதம் குறைவு. ஒரு 9.5 மி.மீ. நாசிலுக்கு 200 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி) காற்று, நாசில் வாயில 7 பார் வேணும். அதனால 300 சி.எஃப்.எம். கம்ப்ரசரா கொண்டு வரணும். ஈரம் பிரிக்கும் வடிகட்டி இருக்கான்னு பார்க்க, வெள்ளைத் துணியை ஒரு நிமிஷம் காற்று முன்னாடி பிடிங்க. எண்ணெயோ ஈரமோ பட்டா வேலையைத் தொடங்கக்கூடாது. ஸ்லாக் சதுர மீட்டருக்கு 40 கிலோ, மொத்தம் 12 டன். ஆற்று மணல் கூடவே கூடாது, அந்தத் தூசி நுரையீரலைக் கல்லாக்கிடும்.

ரிவெட் தட்டி

பெயின்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் நீர் வழியைச் சரி செய்யாவிட்டால் இரண்டே வருடத்தில் அதே முனையில் உரியும். சாலையின் வடிகால் குழாய் குட்டையாக இருந்து அடிப்பட்டை மேல் ஒழுகுகிறதா பாருங்கள். குழாயை அடிப்பட்டைக்குக் கீழே 150 மி.மீ. நீட்ட வேண்டும். முனையில் விரிவு இணைப்பு ஒழுகினால் அதை முதலில் மாற்ற வேண்டும். கர்டர் முனையைத் தாங்கும் பேரிங்கைச் சுற்றி மண்ணும் சருகும் சேர்ந்து எப்போதும் ஈரமாக இருக்கும். அள்ளிக் கழுவ வேண்டும். பேரிங்கின் உருளும், வழுக்கும் முகங்களுக்கு பெயின்ட் கூடாது, கிரீஸ்தான். பிளாஸ்டிங்கின்போது அவற்றைத் துணியும் டேப்பும் சுற்றி மூட வேண்டும். ஸ்லாக் துகள் புகுந்தால் பேரிங் தேயும்.

குப்பனூர் வழி

காலம் பத்தி யாரும் சொல்லலை. ஏப்ரல், மே மாசம் ரொம்பத் தப்பு. மதியத்துக்கு மேல இடி மழை, மே மாசம் கோடை விழாக் கூட்டம். மழை மேகம் பார்த்துப் பார்த்து வேலை செய்தா 45 நாள்ல முடியாது. ஜனவரியில பனி அதிகம். பிப்ரவரி முதல் வாரத்துல தொடங்குறதுதான் நல்லது. மார்ச்ல பிளஸ் டூ தேர்வு இருக்கு, பிள்ளைங்க தேர்வுக்குப் போற நாள் முழு மூடல்ல வரக்கூடாது. காப்பி மூட்டை ஏத்துற லாரிகளும் அப்போ ஓடும், தோட்டக்காரங்களுக்கு முன்கூட்டியே சொல்லணும்.

நாள் கணக்கு என் பார்வையில: ஈயச் சோதனை, ரிவெட் சோதனை, கழுவுறது, அடிப்பகுதி பெயின்ட் எல்லாம் சாலை திறந்திருக்கும்போதே. அப்புறம் ரிவெட் மாற்ற 3 நாள் முழு மூடல். ஒரு கர்டருக்கு 7 நாள், ரெண்டுக்கும் 14 நாள் பிளாஸ்டிங், பிரைமர். அந்த நாட்கள்ல பகல் 9:30 முதல் 4:30 வரை மூடல், மீதி நேரம் சிறு வண்டி. தார்ப்பாய்ச் சட்டம் போட, பிரிக்க 3 நாள். கடைசி மேல் கோட்டுக்கு 5 நாள், அதுவும் ஒரு பக்கமா. மொத்தம் 25 வேலை நாள். முழு மூடல் வெறும் 3.

மலைப்பாதைப் பயணி

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். மனுவுல இப்படி மாத்தி எழுதுறேன்: பிப்ரவரி தொடக்கம், ஒரு நேரத்துல ஒரு கர்டர், ரிவெட் வேலைக்கு மட்டும் 3 நாள் முழு மூடல், பாலத்தோட ரெண்டு பக்கமும் பேருந்து, அந்த 3 நாள் தவிர 108க்கு எந்நேரமும் வழி, ஈயச் சோதனை முடிவு வந்த பிறகே டெண்டர், வடிகால் குழாய் நீட்டுறது பெயின்ட் மதிப்பீட்டுக்குள்ளேயே. வேற ஏதாவது விட்டிருந்தா சொல்லுங்க.

செந்தூரம்

ஓடைத் தண்ணி மாதிரி வேலைக்கு முன்னாடி ஒண்ணு, முடிஞ்சு ஒண்ணு எடுத்து ஈயம் பார்க்கணும்னு சேருங்க. பாலத்துக்குக் கீழே ரெண்டு கரையிலும் மண் மாதிரியும். முன்னாடி எடுத்தது இல்லைன்னா பின்னாடி எதையும் நிரூபிக்க முடியாது.

மைக்ரான்

வேலை முடிஞ்சதும் கர்டர் முனையில, உள்பக்கம், வெள்ளை எழுத்துல ஸ்டென்சில் அடிக்கச் சொல்லுங்க: மாதம், வருஷம், மூணு கோட்டின் பெயர், மொத்த மைக்ரான் 210, அடிப்பகுதிக்கு மாஸ்டிக்னு தனியா. பத்து வருஷம் கழிச்சு வர்ற ஆள் மேலே எதை அடிக்கலாம்னு தெரியாம திரும்பவும் முழுசா சுரண்ட வேண்டியிருக்காது. ஸ்டென்சில் ஈரமான பாலியூரித்தேன் மேல வேண்டாம், ஏழு நாள் கழிச்சு அடிக்கட்டும்.